சுகர் வந்தப்ப பயத்தை விட வெக்கம் தான் என்னை அதிகமா தின்னுச்சு

இதை எழுதணும் எழுதணும்னு நெனச்சு ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். சுகர் வந்தா எதை சாப்பிடணும், எதை தொடக்கூடாதுன்னு சொல்றதுக்கு நம்ம ஊர்ல ஆள் பஞ்சமே இல்லைங்க, பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்தவர் கூட வெந்தயத்தை எப்ப ஊற வெக்கணும்னு சொல்லிட்டு தான் இறங்குவார். ஆனா சுகரோட சேர்ந்து ஒரு வெக்கமும் வரும், அது மாத்திரையை ஒளிச்சு வெக்க சொல்லும், டாக்டர்கிட்ட போகாதேன்னு சொல்லும், கட்டின பொண்டாட்டிகிட்டயே பொய் பேச வெக்கும், கண்ட பவுடருக்கும் காசை கொட்ட வெக்கும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. எனக்கு இப்ப 43 வயசு, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். நடந்ததை நடந்த வரிசையில சொல்றேன், நான் தெரிஞ்சுகிட்டதை அங்கங்க போட்டுடுறேன். மருந்து பேரையோ அளவையோ மட்டும் என்னை பாத்து மாத்திக்காதீங்க, அது உங்க டாக்டர் சொல்ல வேண்டியது.

2018ல கம்பெனிக்கு ஒரு லேப்காரங்க வந்து இலவசமா டெஸ்ட் பண்ணாங்க. டெய்லரிங் செக்ஷன் அக்காங்க எல்லாம் லைன்ல நிக்க, நானும் சும்மா போய் விரலை நீட்டுனேன், காலைல டீ கூட குடிக்காம தான் வந்திருந்தேன். 212 காட்டுச்சு. அந்த பையன் சத்தமா "சார் உங்களுக்கு ஹை சுகர் சார்"ன்னுட்டான். அந்த நிமிஷம் எனக்கு பயமே வரலைங்க, திரும்பி யார் யார் காதுல விழுந்துச்சுன்னு தான் பாத்தேன். கட்டிங் மாஸ்டர் ஒருத்தர் பாத்துட்டு சிரிச்சார், "என்ன அண்ணா, உக்காந்தே சம்பளம் வாங்குறீங்கள்ல"ன்னார். தமாசுக்கு தான் சொன்னார், ஆனா அந்த வார்த்தை ரொம்ப வருஷம் உள்ள கிடந்துச்சு. நாம தின்னு வாங்கின வியாதி, சோம்பேறித்தனத்துல வந்த வியாதின்னு மனசுல பதிஞ்சு போச்சு.

பயம் அன்னிக்கு ராத்திரி தான் வந்துச்சு. எங்கப்பா பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுனவர். 2009ல அவருக்கு கட்டை விரல்ல ஒரு சின்ன புண்ணு வந்து, அது கருத்து, கடைசில முட்டிக்கு கீழ காலை எடுத்தாங்க. தறி முன்னாடி நின்னே பழகின மனுசன், அதுக்கப்புறம் திண்ணைல உக்காந்து தறி சத்தத்தை கேட்டுட்டு இருப்பார், சத்தத்தை வெச்சே எந்த தறி நின்னு போச்சுன்னு உள்ள இருக்கிறவங்களுக்கு குரல் கொடுப்பார். அவருக்கு இன்சுலின் ஊசி ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல கால் போச்சு, அதனால ஊசி தான் காலை கொண்டு போச்சுன்னு எங்க வீட்ல எல்லாரும் நம்புனோம். இந்த நம்பிக்கை பின்னாடி என்னை எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு சொல்றேன்.

மூணு மாச சுகர், அதாவது ஏ1சி, 9.4 வந்துச்சு. ரத்த சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும், அதுல எவ்வளவு சக்கரை ஒட்டியிருக்குன்னு பாக்குறதால தான் அதை மூணு மாச சராசரின்னு சொல்றாங்க. எனக்கு அப்ப இதை யாரும் சொல்லல. டாக்டர் அஞ்சு நிமிஷத்துல மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடுன்னு ரெண்டு மாத்திரை எழுதி, ஜெராக்ஸ் எடுத்த ஒரு டயட் சார்ட்டை கொடுத்தார், அதுல ஓட்ஸும் ஆப்பிளும் இருந்துச்சு, நாங்க ரெண்டையும் வாரத்துல ஒரு நாள் கூட வாங்குறது இல்ல. சரின்னு வெறியா ஆரம்பிச்சேன். விடியக்காலம் நடை, வெள்ளை சோறு கட், ராத்திரி ரெண்டே சப்பாத்தி. அடுத்த டெஸ்ட்ல 6.6. டாக்டர் கை கொடுத்தார். அன்னிக்கு ஸ்கூல்ல ரேங்க் வாங்கின பையன் மாதிரி ரிப்போர்ட்டை எல்லார்கிட்டயும் காட்டிட்டு திரிஞ்சேன். வினை அங்க தான் ஆரம்பிச்சுது. நல்ல நம்பர் வந்தா நான் நல்லவன்னு ஆயிட்டா, கெட்ட நம்பர் வந்தா நான் யாரு?

ஒரு வருஷம் கழிச்சு அதே நடை, அதே சப்பாத்தி, ஏ1சி மட்டும் 7.9. டாக்டர் ரிப்போர்ட்டை பாத்துட்டு "என்ன சார், நல்லா வெட்டுறீங்களா?"ன்னார். அவர் நாளைக்கு எம்பது பேரை பாக்குறவர், ஏதோ வாய்ல வந்ததை சொல்லிட்டு அடுத்த ஆளை கூப்பிட்டுட்டார். நான் வெளிய வந்து பைக்க ஸ்டார்ட் பண்ணாம கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. 38 வயசு ஆம்பள, சுகர் நம்பருக்கு அழுவான்னு யார்கிட்ட போய் சொல்றது.

இந்த இடத்துல நிறுத்தி சில விஷயம் சொல்லிடுறேன், இது அப்பவே தெரிஞ்சிருந்தா நான் பாதி ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பேன். ராத்திரி கம்மியா சாப்பிட்டும் காலைல வெறும் வயித்துல 178 வருதேன்னு நொந்துக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க, அது நீங்க திருட்டுத்தனமா தின்னதால இல்ல. விடியற நேரத்துல உடம்பே சில ஹார்மோனை விடும், கல்லீரல் சக்கரையை எடுத்து ரத்தத்துல விடும், சுகர் இல்லாதவங்களுக்கு இன்சுலின் அதை சமாளிச்சுடும், நமக்கு முடியாது. தூக்கம் கெட்டாலும் ஏறும், சண்டை போட்டாலும் ஏறும், காய்ச்சல் வந்தாலும் ஏறும். அப்புறம் வீட்ல வெச்சிருக்கிற மீட்டர் தராசு கணக்கா துல்லியம் கிடையாது, நல்ல மீட்டருக்கே 15 சதவீதம் வரைக்கும் முன்ன பின்ன காட்ட அனுமதி இருக்கு, அதனால 160க்கும் 172க்கும் நடுவுல உக்காந்து அழறதுல ஒரு அர்த்தமும் இல்ல. மாம்பழமோ வாழைப்பழமோ உரிச்ச கையோட குத்தினா நம்பர் எகிறும், கையை சோப்பு போட்டு கழுவி நல்லா துடைச்சுட்டு பாருங்க. விரல் நுனி நடுவுல குத்தாம ஓரத்துல குத்துங்க, வலி கம்மி. முக்கியமா, வருஷம் ஆக ஆக கணையம் இன்சுலின் சுரக்கிறது குறைஞ்சுட்டே தான் வரும், நேத்து போதுமா இருந்த மாத்திரை இன்னிக்கு பத்தாம போறது வியாதியோட போக்கு. "நல்லா வெட்டுறீங்களா"ன்னு கேட்டவர் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அதுக்கப்புறம் நான் நம்பரை ஏமாத்த ஆரம்பிச்சேன். டெஸ்டுக்கு மூணு நாள் முன்னாடி பட்டினி கிடந்து ஃபாஸ்டிங் மட்டும் அழகா காட்டுவேன், ஏ1சி காட்டிக் கொடுத்துடும், அதனால ஏ1சி டெஸ்டுக்கு லேப்ல மெஷின் ரிப்பேர்னு பொய் சொல்லுவேன். 2020ல லாக்டவுன் வந்துச்சு பாருங்க, எனக்கு அது நல்ல சாக்கா போச்சு, பழைய சீட்டை காட்டி அதே மாத்திரையை மெடிக்கல்ல வாங்கி போட்டுட்டு டாக்டர் பக்கமே போகல. மீட்டர் பீரோல துணிக்கு அடியில கிடந்துச்சு, ஸ்ட்ரிப் எக்ஸ்பைரி ஆயிடுச்சு. சோம்பேறித்தனம்னு வெளிய இருந்து பாக்குறவங்க சொல்லுவாங்க. இல்லைங்க, ஒவ்வொரு தடவை குத்தும்போதும் ஒருத்தர் திட்டப் போறார்னு தெரிஞ்சா யாரும் குத்த மாட்டாங்க.

இடையில லோ சுகர் கூத்து ஒண்ணு. ஷிப்மென்ட் நாள், பையிங் ஆபிஸ்ல இருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு ஆளுங்க வந்துட்டாங்க, மத்தியான சாப்பாடு நாலு மணி வரைக்கும் இல்ல, காலைல கிளிமிப்பிரைடு போட்டாச்சு. அந்த மாத்திரை நாம சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் கணையத்தை சுரக்க வெச்சுட்டே இருக்கும். திடீர்னு கை நடுங்குது, சட்டை பூரா வேர்வை, எதிர்ல நின்ன பேக்கிங் பையன் மேல காரணமே இல்லாம கோவம் வருது, கெட்ட வார்த்தைல திட்டிட்டேன், அப்படி திட்டுறவனே இல்ல நான். வார்த்தை குழறுச்சு. மேனேஜர் பக்கத்துல வந்து மோந்து பாத்தார், தண்ணி போட்டிருக்கேன்னு நெனச்சுட்டார். சுகர் இருக்குன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு, ஆனா எனக்கு குடிகாரன்னு பேர் வாங்குறது கூட அந்த நேரத்துல பரவால்லன்னு பட்டுச்சு, வாயை திறக்கல. வாட்ச்மேன் அண்ணனுக்கும் சுகர், அவர் தான் முகத்தை பாத்தே கண்டுபுடிச்சு டீக்கடைல இருந்து ரெண்டு கை சக்கரையை கொண்டு வந்து வாயில போட்டார்.

70க்கு கீழ போனா லோ. உடனே மூணு ஸ்பூன் சக்கரையை தண்ணில கலக்கி குடிங்க, இல்ல அரை டம்ளர் ஜூஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலன்னா இன்னொரு தடவை, ஏறினதும் ஏதாவது சாப்பிடுங்க. சாக்லேட்டும் பிஸ்கட்டும் அந்த நேரத்துக்கு சரி வராது, கொழுப்பு இருக்கிறதால மெதுவா தான் ஏறும். மயங்கிட்டவங்க வாயில எதையும் ஊத்தக்கூடாது, புரையேறிடும், தூக்கிட்டு ஓடுங்க ஆஸ்பத்திரிக்கு. இது எல்லாம் எங்கயும் கிடைக்கிற விஷயம். கிடைக்காத விஷயம் ஒண்ணு சொல்றேன், லோ ஆகும்போது வர்ற அந்த கோவம், அழுகை, பதட்டம் அது வியாதியோட அறிகுறி, உங்க குணம் இல்ல, அதை வீட்ல முன்கூட்டியே சொல்லி வெச்சுடுங்க. இன்னொண்ணு, ஒரு தடவை அப்படி ஆயிட்டா அப்புறம் லோ ஆயிடுமோங்கிற பயத்துலயே அடிக்கடி தின்ன ஆரம்பிச்சுடுவோம், எனக்கு அது தான் ஆச்சு, டிராயர்ல ரொட்டி, பைக் டேங்க் கவர்ல கடலை மிட்டாய். அந்த பயத்தை டாக்டர்கிட்ட சொல்லணும், லோ பண்ணாத மாத்திரைக்கு மாத்த வழி இருக்கு.

வீட்ல என்ன நடந்துச்சுன்னா, எல்லாரும் போலீஸ் ஆயிட்டாங்க. பாசத்துல தான். எங்கம்மா இட்லி வெக்கும்போது எண்ணி வெக்கும், "சாமி, மூணு போதும், அப்பனை நெனச்சுக்கோ"ன்னு சொல்லும். அப்பனை நெனச்சா ஒரு இட்லி கூட எறங்காதுங்கிறது அதுக்கு புரியல. வொய்ஃப் "ஏங்க, காலைல எவ்வளவு காட்டுச்சு?"ன்னு குட் மார்னிங்குக்கு பதிலா கேக்கும். கல்யாணத்துக்கு போனா பந்தில கேசரி வெக்கிறவர் என் இலை கிட்ட வந்ததும் பக்கத்துல உக்காந்த பெரியப்பா கையை நீட்டி தடுப்பார், "அவனுக்கு வேண்டாம், சுகரு". அந்த வரிசையில இருக்கிற எல்லா தலையும் திரும்பும். அதே பெரியப்பா அதே இலைல ரெண்டு தடவை சோறு வாங்கி சாப்பிட்டதை யாரும் கேக்கல. இதனால என்ன ஆச்சு, நான் வீட்ல மூணு இட்லி சாப்பிட்டுட்டு ஆபிஸ் போற வழில பேக்கரில நின்னு தேங்கா பன்னும் டீயும் சாப்பிட ஆரம்பிச்சேன், அதுவும் நம்ம ஏரியா பேக்கரில இல்ல, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி தெரிஞ்சவங்க வராத கடை. பில்லை கசக்கி போட்டுட்டு வாயை கொப்பளிச்சுட்டு போவேன். ஏதோ கள்ளத் தொடர்பு கணக்கா. ஒரு பன்னுக்காக! இப்ப சிரிப்பா இருக்கு, அப்ப இல்ல.

இனி பணம் போன கதை. போன்ல ஒரு தடவை சுகர்னு தேடினா போதும், அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் "சுகர் இனி இல்லை" தான். நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ எல்லாம் சேர்ந்த ஒரு பவுடர், மாசத்துக்கு 3,200 ரூபாய், நாலஞ்சு மாசம் வாங்கினேன். அப்புறம் ஒரு ஆன்லைன் கோர்ஸ், இங்கிலீஷ் மருந்து இல்லாம சுகரை ரிவர்ஸ் பண்ணலாம்னு 18,000. அதுல ஒரு கோச் போன்ல பேசுவார், அன்பா பேசுவார்ங்க, அது தான் விஷயமே. என் டாக்டர் தராத அரை மணி நேரத்தை அவர் கொடுத்தார், "இது உங்க தப்பில்ல சார்"ன்னு முதல்ல என்கிட்ட சொன்ன ஆள் அவர் தான். அதனால மாத்திரையை நிறுத்துங்கன்னு சொன்னப்ப நிறுத்திட்டேன். படிச்சவன் எப்படி ஏமாந்தேன்னு கேப்பீங்க, நான் மருந்தை வாங்கல, அந்த ஒரு வரியை வாங்கினேன். சுகரை குணப்படுத்துறேன்னு விளம்பரம் பண்றதே நம்ம நாட்ல சட்டப்படி குத்தம், 1954லயே மாயமருந்து விளம்பரங்களுக்கு எதிரா ஒரு சட்டம் வந்துச்சு, அதோட பட்டியல்ல நீரிழிவும் இருக்கு. இது எனக்கு பின்னாடி தான் தெரியும். எடை குறைச்சு, சாப்பாட்டை மாத்தி, ஆரம்ப கட்டத்துல சிலருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள நிக்கிறது நிஜம் தான், ஆனா அதை டெஸ்ட் பாத்து டாக்டர் குறைப்பார், போன்ல ஒருத்தர் சொல்லி ஒரே நாள்ல நிறுத்துறது இல்ல.

நிறுத்தினதும் எடை மளமளன்னு குறைஞ்சுது. பாக்குறவங்க எல்லாம் "சூப்பரா மெலிஞ்சுட்டீங்களே"ன்னாங்க, கோச்சும் பாராட்டினார். ராத்திரி முழுக்க தண்ணி தாகம், எந்திரிச்சு எந்திரிச்சு ஒண்ணுக்கு போறது, சாயங்காலம் ஆனா கண்ணு மங்கல். உடம்பு சக்கரையை எரிக்க முடியாம கொழுப்பையும் சதையையும் கரைச்சுட்டு இருந்துச்சு, அதுக்கு தான் எனக்கு பாராட்டு. 2022 ஆரம்பத்துல குளிர் காய்ச்சலோட யூரின் இன்ஃபெக்ஷன்னு அட்மிட் ஆனேன், சுகர் 430. பில் 46,000. சம்பளம் 21,000க்கு மேலங்கிறதால இஎஸ்ஐ கிடையாது, சொந்தமா 2019ல எடுத்த பாலிசில சுகர் இருக்குன்னு எழுதி கொடுத்து தான் எடுத்தேன், அப்ப ஏற்கனவே இருக்கிற வியாதிக்கு நாலு வருஷம் காத்திருக்கணும், அதனால க்ளெய்ம் இல்லன்னுட்டாங்க. 2024 ஏப்ரல்ல இருந்து அந்த காத்திருப்பு அதிகபட்சம் மூணு வருஷம் தான்னு மாத்தியிருக்காங்க. ஒளிக்காம எழுதிக் கொடுத்து சீக்கிரமா எடுத்து வெச்சுடுங்க, ஒளிச்சா மொத்தமா கைய விரிச்சுடுவாங்க.

அடுத்து சொல்லப் போறதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், ஆம்பளைங்க யாருமே சொல்றது இல்லங்கிறதால தான் எழுதுறேன். அந்த ரெண்டு மூணு வருஷத்துல படுக்கையில எனக்கு முடியாம போச்சு. சுகர்னால இப்படி ஆகும்னு தெரியாது, வயசாயிடுச்சு, இல்ல நான் தான் ஆம்பள இல்லன்னு நெனச்சுகிட்டேன். கணக்கு முடிக்கணும்னு ஹால்ல லேப்டாப்பை வெச்சுட்டு வொய்ஃப் தூங்கினப்புறம் தான் உள்ள போவேன். அது என்ன நெனச்சுதுன்னா, எனக்கு அது மேல ஆசை போயிடுச்சுன்னு, ஒரு நாள் "வேற யாராச்சும் இருக்காங்களா?"ன்னு நேரா கேட்டுடுச்சு. அதுக்கும் பதில் சொல்லாம, டிவில விளம்பரம் பாத்து ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டு மாசம் ஒரு தடவை வர்ற வைத்தியர்கிட்ட போய் 14,500 ரூபாய் லேகியம் வாங்கினேன். வெயிட்டிங்ல உக்காந்தவங்க எல்லாரும் தரையை தான் பாத்துட்டு இருந்தாங்க, எங்கள்ல எத்தனை பேருக்கு சுகரோ.

விஷயம் என்னன்னா, சுகர் ரொம்ப நாள் ஏறியே இருந்தா சின்ன ரத்தக் குழாயும் நரம்பும் கெடும், அங்கயும் அதே தான். இது இருதயத்து குழாய்ல வரப்போற பிரச்சனைக்கு முன் எச்சரிக்கையா கூட இருக்கலாம், அதனால டாக்டர்கிட்ட சொன்னா ஈசிஜி, எக்கோ எல்லாம் பாப்பாங்க. இதுக்கு முறையான மாத்திரை இருக்கு, ஆனா நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வெக்கிற நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவங்க அதை தொடவே கூடாது, பிபி ஆபத்தா இறங்கிடும், அதனால மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க. நான் வொய்ஃப்கிட்ட சொன்ன அன்னிக்கு அது அழுதுச்சு, அப்புறம் "இதை சொல்றதுக்கு இவ்வளவு வருஷமா"ன்னு திட்டுச்சு.

எனக்கு வழி கிடைச்சது டிஸ்சார்ஜ் ஆனப்புறம் போன வேற ஒரு கிளினிக்ல. டாக்டரை பாக்குறதுக்கு முன்னாடி ஒரு சிஸ்டர் என்னை தனியா உக்கார வெச்சு 20 கேள்வி இருக்கிற ஒரு பேப்பரை எடுத்தாங்க. சாப்பாட்டு விஷயத்துல தவறினா குத்த உணர்ச்சி வருதா, பின்னாடி என்ன ஆகுமோன்னு கவலை அரிக்குதா, சுகரோட தனியா மாட்டிகிட்ட மாதிரி இருக்கா, தினமும் இதையே பாத்து பாத்து சலிச்சுப் போச்சா, இப்படி. ஒவ்வொண்ணுக்கும் பூஜ்ஜியத்துல இருந்து நாலு வரைக்கும் சொல்லணும், மொத்தத்தை 1.25ஆல பெருக்கினா நூத்துக்கு வரும், 40க்கு மேல போனா கவனிக்க வேண்டிய அளவு. எனக்கு 61.25. 1995ல வில்லியம் பொலான்ஸ்கின்னு அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவங்களும் உருவாக்கினது அது, பெய்ட்ன்னு சொல்றாங்க. சிஸ்டர் சொன்னாங்க, "இதுக்கு டயாபெடிஸ் டிஸ்ட்ரெஸ்னு பேரு சார், நிறைய பேருக்கு இருக்கு, லீவே இல்லாத வேலையை ஒருத்தர் தனியா பாத்தா வர்ற அலுப்பு." மன அழுத்த நோய் வேற, அதுல எதுலயுமே பிடிப்பு இருக்காது, நல்லா தூங்க முடியாது, சாகலாம்னு கூட தோணும், அதுக்கு மனநல டாக்டரை பாக்கணும், சுகர்காரங்களுக்கு அதுவும் கூடுதலா வர வாய்ப்பு இருக்கு. என்னுது சுகரை சுத்தியே இருந்த பாரம், அதுக்கு சுகர் பாக்குற இடத்துலயே வைத்தியம் இருக்குன்னாங்க. 2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுல இந்தியால 10.1 கோடி பேருக்கு சுகர்னு சொன்னாங்க, அத்தனை பேர்ல அந்த பேப்பரை கண்ணால பாத்தவங்க எவ்வளவு பேர் இருப்பாங்கன்னு யோசிச்சு பாருங்க.

அந்த டாக்டர் இன்சுலின் போடலாம்னு சொன்னப்ப எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு, அப்பா கதையை கொட்டிட்டேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, "உங்கப்பாவுக்கு ஊசி லேட்டா ஆரம்பிச்சிருக்காங்க சார், காலுக்கு பாதிப்பு அதுக்கு முன்னாடியே வந்தாச்சு"ன்னார். ஒரே வரி, பதிமூணு வருஷம் எங்க வீட்ல ஊசி மேல இருந்த பழி இறங்குச்சு. எனக்கும் கால் மரமரன்னு மரத்துப் போயிட்டு இருந்துச்சு, அதுக்கு அவர் வைட்டமின் பி12 டெஸ்ட் எழுதினார், ரொம்ப கம்மியா இருந்துச்சு, மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா எடுத்தா பி12 குறையலாமாம். அதுக்கு மருந்து எடுத்ததும் மரமரப்பு பாதிக்கு மேல போயிடுச்சு. ராத்திரி ராத்திரி காலை தடவி பாத்துட்டு அழுததுல பாதி ஒரு வைட்டமினுக்காக. வருஷத்துக்கு ஒரு தடவை பி12, கண்ணுல மருந்து விட்டு விழித்திரை, கால் உணர்ச்சி, யூரின்ல புரதம் இதெல்லாம் பாத்துடுங்க, தெரியாம பயப்படுறதை விட தெரிஞ்சுக்கிறது எவ்வளவோ மேல்.

இன்சுலின் போடறவங்களுக்கு ஒண்ணு. நம்ம ஊர்ல பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் அளவுல வரும், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா மாதிரி இருக்கிற ஊசில வர்றது பெரும்பாலும் 100 யூனிட், சில பாட்டிலும் 100 யூனிட், அந்த பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடில எடுத்தா ரெண்டரை மடங்கு உள்ள போயிடும், உயிருக்கே ஆபத்து. பாட்டில்ல போட்டிருக்கிறதையும் சிரிஞ்ச்ல போட்டிருக்கிறதையும் ஒவ்வொரு தடவையும் பாருங்க. ஒரே இடத்துல குத்தாம மாத்தி மாத்தி குத்துங்க, கட்டி விழுந்த இடத்துல மருந்து சரியா ஏறாது. பிரிக்காததை ஃப்ரிட்ஜ் உள்ள வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம், உறைஞ்சா அதை தூக்கி போட்டுட வேண்டியது தான்.

இப்ப எப்படி இருக்கேன்னா, ஏ1சி 7.2, 7.5ன்னு ஓடுது. மீட்டர் டைனிங் டேபிள் மேலயே இருக்கு. தினமும் குத்துறது இல்ல, டாக்டர் சொன்னபடி வாரத்துல ரெண்டு நாள், சாப்பிடறதுக்கு முன்னாடியும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும், எந்த சாப்பாடு எவ்வளவு ஏத்துதுன்னு பாக்க. நோட்டுல நம்பருக்கு பக்கத்துல "ஷிப்மென்ட்", "சரியா தூக்கம் இல்ல", "பிரியாணி"ன்னு ஒரு வார்த்தை எழுதுவேன், அந்த வார்த்தை தான் டாக்டருக்கு உபயோகமா இருக்கு. வொய்ஃப்கூட ஒரு ஒப்பந்தம், நம்பரை நானா சொன்னா ஒழிய கேக்கக்கூடாது, பதிலுக்கு நான் ஒளிக்கக்கூடாது. முதல் வாரம் அதால முடியல, கண்ணாலயே கேட்டுச்சு. அம்மாவை மட்டும் மாத்த முடியல. அதுக்கும் சுகர் தான், மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு அக்கா வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து கொடுக்கும், 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம் அது. அந்த அக்காகிட்ட அம்மா தன்னோட நம்பரோட சேர்த்து என்னோட நம்பரையும் ஒப்பிச்சுடும், தெருவுக்கே தெரியும். ஆபிஸ்ல மேனேஜர்கிட்டயும் பக்கத்து சீட்காரர்கிட்டயும் சொல்லியாச்சு, வேர்த்து கொட்டி நான் சண்டைக்கு வந்தா சக்கரை கொடுங்கன்னு. கல்யாண பந்தில கேசரி வந்தா ஒரு ஸ்பூன் வாங்கிக்கிறேன், பெரியப்பா கையை நீட்டினா "நான் பாத்துக்கிறேன் பெரியப்பா"ன்னு சிரிச்சுட்டே சொல்லிடுறேன்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். போன மாசம் கூட ஒரு நாள் இன்சுலின் பேனாவை கையில வெச்சுட்டு இன்னும் எத்தனை வருஷம் இப்படின்னு வெறுத்துப் போச்சு. அந்த மாதிரி ராத்திரி யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ், இலவசம், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நான் ஒரு தடவை கூப்பிட்டேன், எடுத்த பொண்ணு எந்த அறிவுரையும் சொல்லல, "இன்னிக்கு ரொம்ப கஷ்டமா இருக்கா சார்"னு மட்டும் கேட்டுச்சு.

செலவு பத்தி கேப்பீங்க. பவுடர், கோர்ஸ், லேகியம், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து 90,000க்கு மேல போச்சு. இப்ப மருந்து, ஊசி, ஸ்ட்ரிப் சேர்த்து மாசம் 2,500 பக்கம் ஆகுது. கையில பணம் இல்லன்னா இன்சுலினை நிறுத்திடாதீங்க, அரசு ஆஸ்பத்திரில இலவசமா தர்றாங்க, மாத்திரைக்கு மக்கள் மருந்தகமும், 2025ல ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகமும் இருக்கு, அங்க விலை கம்மி. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது ரிப்போர்ட்டை நீட்டுறதுக்கு முன்னாடி "சார், சுகரை பத்தி யோசிச்சு யோசிச்சு எனக்கு சலிச்சுப் போச்சு"ன்னு சொல்லி பாருங்க. நிமிர்ந்து முகத்தை பாத்து ஏன்னு கேட்டார்னா அங்கயே தொடருங்க, அடுத்த டோக்கனை கூப்பிட்டார்னா வேற டாக்டரை தேடுங்க.